அரசியலுக்கு வா என்றால், எங்கே வருவது?

வணக்கம் ஐயா,

எனக்கு 24 வயது. புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்தில் ஒரு கிராமம். இயந்திரவியல் படித்துவிட்டுக் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்த்தேன். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். அப்பாவுக்கு உதவியாகத் தென்னையும் கடலையும் பார்க்கிறேன்.

கஜா புயலுக்கு அடுத்த கோடையில் நான் பிளஸ் டூ முடித்திருந்தேன். எங்கள் ஊர்ப் பையன்கள் வீட்டுக்கு வீடு வசூல் செய்து, வெளிநாட்டில் இருக்கும் அண்ணன்களிடம் கேட்டு வாங்கி, ஜேசிபி வைத்துக் குளத்தைத் தூர்வாரினோம். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் அன்று பிடித்தது, இன்றும் விடவில்லை.

எல்லா மேடையிலும் 'இளைஞர்கள் அரசியலுக்கு வரவேண்டும்' என்கிறார்கள். போனால் பேனர் கட்டவும், பைக்கில் கொடியோடு முன்னால் போகவும்தான் கூப்பிடுகிறார்கள். பேசுவதற்குக் கூப்பிடுவதில்லை. எங்கள் ஊராட்சியில் இப்போது தலைவரும் இல்லை, அரசு நியமித்த தனி அலுவலர்தான். அம்மாவுக்கு நான் இதையெல்லாம் பேசுவதே பயம். "கேஸு கீஸுன்னு ஆயிட்டா பாஸ்போர்ட்டு எடுக்க முடியாதுடா தம்பி. மாமா சிங்கப்பூர்ல சொல்லி வச்சிருக்காரு" என்கிறார். என் தங்கை கல்லூரி மூன்றாம் ஆண்டு. என்னைவிடத் தெளிவாகப் பேசுவாள். அவளிடம் யாரும் அரசியலுக்கு வா என்று பேச்சுக்குக்கூடச் சொன்னதில்லை.

நான் எங்கே தொடங்குவது? கட்சியில் சேரலாமா? பணம் இல்லாதவனால் முடியுமா? படித்தவர்கள் நிறையப் பேர் வந்தால் அரசியல் சுத்தமாகிவிடும் என்று நம்புகிறேன். இது சரிதானா?

அன்புடன்,
ர.

*

அன்புள்ள ர.,

இளைஞர்களை அரசியலுக்கு அழைப்பவர்களிடம் எனக்கும் ஒரு குறை உண்டு. எங்கே வருவது, எந்த இடத்தில் உட்காருவது, முதல் நாள் என்ன வேலை செய்வது என்று அவர்கள் சொல்வதில்லை. அதனால் அந்த அழைப்பைக் கேட்கிற பையன் ஒரு தலைவரின் முகத்தைத்தான் நினைத்துக்கொள்கிறான். அவருக்குப் பின்னால் போய் நிற்பதுதான் அரசியல் என்று ஆகிவிடுகிறது. உங்களைப் பேனர் கட்டக் கூப்பிட்டதும் அதனால்தான்.

நான் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊராட்சி. அதிலும் உங்கள் வார்டு.

தமிழ்நாட்டில் சட்டமன்ற உறுப்பினர்கள் 234 பேர், மக்களவை உறுப்பினர்கள் 39 பேர். தொலைக்காட்சி விவாதம், வாட்ஸ்அப் சண்டை, டீக்கடைப் பேச்சு எல்லாம் இந்த 273 இடங்களைச் சுற்றியே நடக்கின்றன. கிராம ஊராட்சிகளோ சுமார் 12,500. அவற்றின் வார்டு உறுப்பினர்கள் ஏறத்தாழ 99,000 பேர். சட்டமன்றத்துக்குப் போட்டியிட 25 வயது ஆகியிருக்க வேண்டும், காப்புத்தொகை 10,000 ரூபாய், செலவு உச்சவரம்பு 40 லட்சம். ஊராட்சிக்கு 21 வயது போதும். 2019 தேர்தலில் வார்டு உறுப்பினருக்குக் காப்புத்தொகை 200 ரூபாய், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 100. செலவு வரம்பு 9,000 ரூபாய். தலைவர் பதவிக்குக் காப்புத்தொகை 600, செலவு வரம்பு 34,000. இந்த இரண்டு பதவிக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. கட்சி சீட்டு கொடுக்கவில்லை என்று யாரும் முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை.

நாடாளுமன்றத்தில் இளைஞர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பது உண்மைதான். முதல் மக்களவையில் நால்வரில் ஒருவர் 40 வயதுக்குள் இருந்தார். 2024-ல் அமைந்த மக்களவையில் அது ஏறக்குறைய ஒன்பதில் ஒருவராகிவிட்டது, சராசரி வயது 56. ஆனால் அந்தக் கணக்கை மேலிருந்து சரிசெய்ய முடியாது. 25 வயதில் சிலர் எம்.பி. ஆகிறார்கள் என்றால், பெரும்பாலும் அதற்குப் பின்னால் ஒரு குடும்பமோ ஒரு பெரிய கட்சியோ இருக்கும். குடும்பமும் இல்லாமல் பணமும் இல்லாமல் வருகிறவர்களுக்கு இந்த நாடு திறந்துவைத்த வழி, ஊராட்சிகளுக்கு அரசியல் சட்டத்தில் இடம் கொடுத்து 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-ஆம் திருத்தமும் அதை ஒட்டி நாம் இயற்றிய 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும்தான்.

இப்போது உங்கள் குளத்துக்கு வருகிறேன். கஜாவுக்குப் பிறகு பேராவூரணி, கொத்தமங்கலம், கீரமங்கலம் பக்கம் இளைஞர்கள் சொந்தப் பணம் போட்டு நீர்நிலைகளைத் தூர்வாரியதை நானும் பெருமையோடு கவனித்து வந்தேன். அதைப் பாராட்டாதவர்கள் இல்லை. ஆனால் உங்களிடம் சில கேள்விகள் கேட்கத் தோன்றுகிறது. அந்தக் குளம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது? ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்குள் என்றால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. நீங்கள் தூர்வாருவதற்கு முந்தைய ஆண்டுகளில் அதே குளத்தில் வேலை நடந்ததாக எங்காவது கணக்கு எழுதப்பட்டிருக்கிறதா? மீன் பாசி ஏலம் விட்ட பணம் எந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது? வரத்து வாய்க்காலை அடைத்து வீடோ கொல்லையோ போட்டவர் யார், அவருக்கு நோட்டீஸ் போயிற்றா?

ஜேசிபி வாடகைக்கு வசூல் செய்தபோது ஊரே உங்களைக் கொண்டாடியிருக்கும். இந்தக் கேள்விகளைக் கேட்டால் அதே ஊரில் பாதிப் பேர் முகம் திருப்பிக்கொள்வார்கள். நல்ல மனம் படைத்த எத்தனையோ இளைஞர்கள் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். ரத்த தானம் செய்வார்கள், மரக்கன்று நடுவார்கள், வெள்ளம் வந்தால் படகோடு ஓடுவார்கள். ஊராட்சியின் வரவு செலவைத் தொட மாட்டார்கள், ஏனென்றால் தொட்டால் ஒரு சித்தப்பாவோ ஒரு பங்காளியோ எதிரே வந்து நிற்பார். உறவையும் வைத்துக்கொண்டு கேள்வியையும் விடாமல் கேட்கக் கற்றுக்கொள்வதுதான் கிராமத்தில் அரசியல் கற்பது. அதை எந்தக் கட்சி மாநாட்டிலும் கற்றுத்தர முடியாது.

2017-ஐ நினைத்துப் பாருங்கள். ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவிலும், அலங்காநல்லூரிலும், மதுரை தமுக்கத்திலும், கோவை வ.உ.சி. மைதானத்திலும் லட்சக்கணக்கில் இளைஞர்கள் கூடினார்கள். அரசியல்வாதிகள் யாரும் மேடை ஏற வேண்டாம் என்றார்கள். அடுத்த மாதமே உங்கள் பக்கத்து ஊர் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிரான போராட்டம் தொடங்கியது, மாநிலம் முழுவதிலிருந்தும் இளைஞர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அந்த நாட்களில் நெடுவாசலுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் கிடையாது. தமிழ்நாட்டில் எந்த ஊருக்குமே கிடையாது. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்திருந்தது. அறிவிக்கப்பட்ட தேர்தலை இடஒதுக்கீட்டுக் குறைபாடுகளைக் காரணம் காட்டி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு வார்டு மறுவரையறை, வழக்கு, மேல்முறையீடு என்று இழுத்துக்கொண்டே போய் 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களுக்குத் தேர்தல் நடந்தது. மீதி ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரையும், நகரங்கள் 2022 பிப்ரவரி வரையும் காத்திருந்தன.

அவ்வளவு பெரிய இளைஞர் கூட்டம் தெருவில் நின்ற ஆண்டில், அவர்களில் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்திருக்க வேண்டிய நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. 'எங்கள் ஊர்த் தேர்தலை நடத்து' என்பது அன்று பெரிய முழக்கமாக எழவில்லை. இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். நெடுவாசல் போராட்டம் தோற்றுப்போகவில்லை. 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் அந்த ஊர் இருக்கும் திருவரங்குளம் ஒன்றியமும் சேர்க்கப்பட்டது. ஆனால் போராட்டம் முடிந்ததும் வந்திருந்த இளைஞர்கள் கலைந்துபோனார்கள். தொடர்ந்து வேலை செய்ய அவர்களுக்கு ஊரில் ஒரு அமைப்பு இல்லாமல் போயிற்று.

அமைப்பு இருந்த ஊரில் என்ன நடந்தது என்பதற்கு அரிட்டாபட்டி இருக்கிறது. மேலூர் பக்கத்து ஊர், 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க உரிமம் ஏலம் போன செய்தி வந்தது. நவம்பர் 23 அன்று கிராம சபை கூடியது. அரிட்டாபட்டியிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். போராட்டம் ஒரு பக்கம், தீர்மானப் புத்தகம் ஒரு பக்கம். டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தையே ரத்து செய்தது. அந்த ஊராட்சிக்கு 2020-ல் தலைவரானவர் வீரம்மாள். வென்றபோது அவருக்கு வயது 79. நீங்கள் இளைஞர்களைப் பற்றிக் கேட்டிருக்கும்போது அவரைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வயது கூடவோ குறையவோ இருக்கட்டும், பதவியில் ஒருவர் இருந்தார், சபை கூடியது, ஊர் பேசியதற்கு எழுத்தில் ஒரு சான்று இருந்தது.

அந்தச் சபை கூடிய ஆறே வாரத்தில், 2025 ஜனவரி 5-ஆம் தேதி, உங்கள் மாவட்டத்தையும் சேர்த்து, 2019-ல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் ஊராட்சிகளுக்குப் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்கள் வந்தார்கள். ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-இ பிரிவு சொல்கிறது. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த விதி தள்ளிப்போடப்படுகிறது. மறுவரையறை, இடஒதுக்கீட்டுச் சுழற்சி என்று காரணத்துக்குக் குறைவே இருந்ததில்லை. தனி அலுவலராக வருகிறவர் நல்லவராகவே இருக்கட்டும், அவர் பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்ப்பவர். உங்கள் தெருவில் குழாய் வராவிட்டால் அவருக்கு ஓட்டு போகாது.

ஆகவே இளைஞர்களின் முதல் அரசியல் கோரிக்கையே இதுவாக இருக்க வேண்டும் என்பேன்: உள்ளாட்சித் தேர்தலைக் காலத்தில் நடத்துங்கள். மேடையில் இளைஞர்களை அரசியலுக்கு அழைக்கிற ஒவ்வொருவரிடமும், எந்தக் கட்சியாக இருந்தாலும், இதைக் கேளுங்கள். எங்களை வரச் சொல்கிறீர்களே, எங்களுக்குரிய தேர்தல் எப்போது?

கேரளத்தைப் பாருங்கள். 2020 டிசம்பரில் திருவனந்தபுரத்துக்கு ஆர்யா ராஜேந்திரன் 21 வயதில் மேயரானார். பத்தனம்திட்டா மாவட்டத்தில் அருவாப்புலம் ஊராட்சிக்கு ரேஷ்மா மரியம் ராய் தலைவரானார், அவருக்கும் 21. மனு தாக்கலின் கடைசி நாளுக்கு முந்தைய நாள்தான் அவருக்கு 21 வயது நிறைந்திருந்தது. இங்கே பத்திரிகைகள் இதை ஓர் அதிசயம்போல எழுதின. ஆர்யா பள்ளி வயதிலிருந்தே சிறுவர் அமைப்பிலும் மாணவர் அமைப்பிலும் வேலை செய்தவர். அவர் கட்சி அவரைத் திடீரென்று கண்டுபிடிக்கவில்லை, வளர்த்தது. இன்னொன்றும் இருக்கிறது. 1996-ல் மக்கள் திட்டம் என்ற பெயரில் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுக்க கேரளம் முடிவு செய்தது. ஊராட்சியில் உட்கார்ந்தால் உண்மையாகவே எதையாவது செய்ய முடியும் என்ற நிலை வந்தது. தேர்தலும் அங்கே ஐந்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்து வந்திருக்கிறது. அதிகாரமும் தேர்தலும் இருந்தால் இளைஞர்கள் தாமாக வருவார்கள்.

நம்மிடமும் அப்படி வளர்க்கும் இடங்கள் இருந்தன. 1967-ல் விருதுநகரில் காமராஜரை 1,285 வாக்குகளில் தோற்கடித்தவர் பெ. சீனிவாசன், 1965 மொழிப் போராட்டத்தின் மாணவர் தலைவர்களில் ஒருவர். காமராஜர் தோற்றதைக் கொண்டாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு மாணவர் தலைவரால் அப்படி ஒரு பெரியவருக்கு எதிரே நிற்க முடிந்தது எதனால் என்று யோசிக்கச் சொல்கிறேன். ஊர்தோறும் படிப்பகங்கள் இருந்தன. முடிதிருத்தகத்தில் பத்திரிகையைச் சத்தமாகப் படித்து விவாதித்தார்கள். கல்லூரிப் பேரவைத் தேர்தல் இருந்தது, பேசத் தெரியாதவன் பேசப் பழகினான், தோற்றவன் அடுத்த ஆண்டு நின்றான். இன்று நம் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் பேரவைத் தேர்தலே இல்லை. லிங்டோ குழுவின் பரிந்துரைகளை ஏற்று மாணவர் தேர்தல்களை நடத்தச் சொல்லி 2006-லேயே உச்ச நீதிமன்றம் ஆணையிட்டும் இதுதான் நிலைமை. நான்கு ஆண்டு பொறியியல் படித்து முடித்த ஒருவர் ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்காமல், ஒரு தீர்மானம் எழுதாமல், ஒரு தேர்தலில் தோற்காமல் வெளியே வருகிறார். பிறகு அவரைப் பார்த்து 'இந்தக் காலத்துப் பசங்களுக்கு அரசியல் அறிவில்லை' என்று சொல்வது அநியாயம்.

படித்தவர்கள் வந்தால் அரசியல் சுத்தமாகும் என்ற உங்கள் நம்பிக்கையோடு எனக்கு உடன்பாடு இல்லை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட காமராஜர்தான் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார். பெரிய ஊழல் வழக்குகளின் கோப்புகளைப் புரட்டினால் பட்டதாரிகளின் கையெழுத்துதான் இருக்கும். உங்கள் ஊராட்சியில் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த ஒரு பெண் உறுப்பினர், எந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்று உங்களுக்கும் எனக்கும் தெரிவதைவிட நன்றாகச் சொல்வார். உங்கள் படிப்பு எதற்குப் பயன்படும் என்றால், எஸ்டிமேட் படிக்க. எம்-புக் என்று ஒன்று இருக்கிறது, செய்த வேலையை ஓவர்சியர் அளந்து பதியும் அளவுப் புத்தகம். நீங்கள் இயந்திரவியல் படித்தவர். ஒரு சிமெண்ட் சாலையின் நீளம், அகலம், கனத்தை அதில் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்கு ஒரு டேப் போதும். அந்த வேலையைச் செய்யுங்கள். படித்தவன் என்ற உரிமையோடு அல்லாமல், தெரிந்த வேலையைச் செய்கிறவனாகச் செய்யுங்கள். ஊர் அதை ஏற்றுக்கொள்ளும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். கிராம சபையில். தேர்தல் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது உயிரோடு இருக்கும், ஏனென்றால் அதன் உறுப்பினர்கள் வாக்காளர்கள். உங்கள் பெயர் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருந்தால் நீங்கள் ஏற்கெனவே உறுப்பினர். கோவையில் இருந்தபோது முகவரி மாற்றியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், பட்டியலில் பெயர் இல்லாமல் பிறகு போட்டியிடவும் முடியாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும். மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருந்தால்தான் அது சபை. பல ஊர்களில் ஆட்கள் வராமல் நோட்டில் மட்டும் கையெழுத்து ஏறும், தீர்மானம் பிறகு எழுதப்படும். அன்று குளம் வெட்ட வந்த பையன்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். தீர்மானத்தை எழுதிப் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுவோம் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். முதல் கூட்டத்தில் இது ஒன்று போதும். சண்டை போடாதீர்கள், கைபேசியைத் தூக்கிப் பிடித்து நேரலை செய்யாதீர்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் ஊராட்சி செயலர் பெரும்பாலும் உங்கள் ஊர்க்காரர்தான். அவரைக் குற்றவாளிபோல நிறுத்திவிட்டால் அடுத்த கூட்டத்தில் அவர் உங்களுக்கு ஒரு நோட்டையும் காட்ட மாட்டார்.

கேட்டுக் கிடைக்காத கணக்கைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வரவேண்டும். இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் ஊராட்சி வாரியாகச் செலவு இருக்கிறது, தேடிப் பாருங்கள். 15-ஆவது நிதிக்குழு ஊராட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 2021 முதல் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே என்று ஒதுக்கப்பட்டது. எந்தப் பணத்தை எதற்குச் செலவு செய்யலாம் என்று தெரியாமல் சபையில் எழுந்து நின்றால் வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.) ஆபீஸிலிருந்து வந்தவர் ஒரே வாக்கியத்தில் உங்களை உட்கார வைத்துவிடுவார்.

பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். உச்சவரம்பு 34,000 என்று எழுதினேன், நிஜத்தில் தலைவர் பதவிக்கு அதைப் போலப் பல மடங்கு செலவழிக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். 2019-ல் சில ஊர்களில் பதவியைக் கோயில் திடலில் ஏலம் விட்டதாகச் செய்தி வந்து, மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரிக்க வேண்டியிருந்தது. அதனால்தான் முதலில் வார்டு என்கிறேன். ஒரு வார்டில் சில நூறு ஓட்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்தே போய்விடலாம். குளத்து வேலையில் உங்களைப் பார்த்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். வார்டு உறுப்பினருக்கு அதிகாரம் குறைவு, செக்கில் கையெழுத்து தலைவருக்கும் துணைத் தலைவருக்கும்தான். ஆனால் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது வார்டு உறுப்பினர்கள். அவர்களில் பெரும்பாலானோர் நேர்மையாக இருந்தால் அந்த இரண்டாவது கையெழுத்து நேர்மையானவரிடம் இருக்கும்.

சாதியைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. உங்கள் ஊரில் நீங்கள் எந்தத் தெரு என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் போவதில்லை. ஆனால் ஊராட்சி அரசியலைப் பற்றிப் பேசும்போது மதுரை மாவட்டத்து மேலவளவை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வராது. தனித்தொகுதியான அந்த ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் உடனிருந்த ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய தனித்தொகுதி ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தலை நடக்கவிடாமல் செய்தார்கள், நின்று வென்றவர்களை உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006 அக்டோபரில்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்தது. 2020-ல் கூடக் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் பட்டியலினத்தைச் சேர்ந்த பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளிவந்தது. இளைஞனாகிய நீங்கள் ஊராட்சிக்குள் போனால் முதல் நாள் முதல் கூட்டத்தில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். யாருக்காவது நாற்காலி இல்லையென்றால் நீங்களும் உட்காராதீர்கள். மற்ற எல்லாத் தீர்மானமும் அதற்குப் பிறகுதான்.

தங்கையைப் பற்றி எழுதிய இரண்டு மூன்று வரிதான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. உங்கள் வார்டே பெண்களுக்கு ஒதுக்கப்படலாம், ஒதுக்கினால் அடுத்தடுத்து இரண்டு தேர்தலுக்கு, அதாவது பத்தாண்டுக்கு அப்படியே இருக்கும். அப்போது என்ன செய்வீர்கள்? அவள் நிற்கட்டும். நீங்கள் துண்டுப் பிரசுரம் கொடுங்கள், பூத்தில் ஏஜெண்டாக உட்காருங்கள். அவள் ஜெயித்த பிறகு கூட்டத்துக்கு அவள் தனியாகப் போகட்டும். ஊரெங்கும் தலைவரின் கணவர் என்று ஒருவர் தலைவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். உறுப்பினரின் அண்ணன் என்று நீங்களும் போய் உட்கார்ந்துவிடக் கூடாது. அவளுக்கு 21 வயது நிறையட்டும், இப்போதே அவளையும் கிராம சபைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். எழுந்து பேசுவது அவளாகவே இருக்கட்டும்.

அம்மாவின் பயத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூர் போய்ச் சம்பாதித்துத்தான் வீடு கட்டிய சீமை அது. போராட்டத்தில் பிடிபட்டு வழக்கோடு அலையும் பிள்ளைகளையும் அவர் பார்த்திருப்பார். அவருக்கு இதைச் சொல்லுங்கள்: கிராம சபையில் பேசுவதாலும், தகவல் கேட்டு மனுப் போடுவதாலும், தேர்தலில் நிற்பதாலும் எந்த வழக்கும் வராது, அவை சட்டம் கொடுத்த வேலைகள். குற்ற வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால்தான் பாஸ்போர்ட்டுக்குத் தடை, அப்போதும் அந்த நீதிமன்றத்தின் அனுமதியோடு வாங்க வழி இருக்கிறது. அதோடு ஒன்று செய்யுங்கள். பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்து அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். நாளை நீங்கள் சிங்கப்பூர் போகவே முடிவு செய்தாலும் எனக்கு வருத்தமில்லை. அங்கிருந்து உங்கள் குளத்துக்குப் பணம் அனுப்பிய அண்ணன்களும் ஊர்க்காரர்கள்தானே.

கட்சியில் சேரலாமா என்றால், சேரலாம். கட்சி அரசியலை அருவருப்போடு பேசுவது நம்மிடம் ஒரு பழக்கமாகிவிட்டது, எனக்கு அதில் சம்மதமில்லை. ஊராட்சிக்கு மேலே ஒன்றிய, மாவட்டத் தேர்தல்கள் கட்சிச் சின்னத்தில்தான் நடக்கின்றன. ஒரு பெரிய சட்டத்தையோ திட்டத்தையோ தனி மனிதர்கள் கொண்டுவந்துவிட முடியாது. ஆனால் அவசரப்படாதீர்கள். சபையில் சில காலம் உட்கார்ந்த பிறகு, உங்கள் ஊருக்குத் தேர்தல் வந்து அதில் நின்று பார்த்த பிறகு, ஜெயித்தாலும் தோற்றாலும், உங்களைத் தேடிக் கட்சிக்காரர்கள் வருவார்கள். அப்போது அவர்களிடம் கேட்க உங்களிடம் சில கேள்விகள் இருக்கும். கிளைச் செயலாளரை உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்களா, மேலிருந்து நியமிக்கிறார்களா? ஒன்றியக் கூட்டத்தில் மாவட்டச் செயலாளர் சொன்னதற்கு மாறாக யாராவது எப்போதாவது பேசியிருக்கிறார்களா, பேசியவர் இன்னும் கட்சியில் இருக்கிறாரா? இந்தக் கேள்விகளுக்கு முகம் கோணாமல் பதில் சொல்கிற கட்சியில் சேருங்கள். எந்தக் கட்சி என்று நான் சொல்ல மாட்டேன்.

அடுத்த கிராம சபைக்கு முன் அந்தக் குளம் யார் பொறுப்பில் இருக்கிறது என்று கண்டுபிடித்து எழுதுங்கள். தகவல் மனு எழுதினால் அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்.